ரிக்‌ஷாவுக்கு ரசீது

1

போன வாரம் இங்கே மான்ட்ரியால் பக்கம் ரொக்ஸ்பரோவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நாகப்பட்டினத்துக்காரர், பாலம் கட்டுகிற இஞ்சினியர், ஏறக்குறைய என் வயதுதான். இத்தனை நாள் மாதச் சம்பளத்தில் இருந்தவர், இப்போது சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி பதிவு செய்துகொண்டு காண்ட்ராக்டராக வேலைக்குப் போகிறாராம். குசலம் விசாரித்தார். பனி எப்போது விடும் என்றார். என் பெண்ணின் படிப்பைக் கேட்டார். கேட்க வந்தது இதுவெல்லாம் இல்லை என்று தெரிந்துபோய், "சொல்லுங்க சார், என்ன விஷயம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல... வர்ற ஆனியில ஊருக்குப் போறேன். அம்மாவைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. டிக்கெட்டைக் கம்பெனிச் செலவுல போடலாமான்னு ஒரு சந்தேகம்."

"போடலாம்" என்றேன். போகிற இடத்தில் கம்பெனிக்கு உண்மையாகவே ஒரு வேலை இருக்க வேண்டும், யாரைப் பார்த்தீர்கள் என்பதற்கு ஒரு கடிதம் வேண்டும், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும், சொந்த வேலையாகச் சுற்றியதைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். சொல்லி முடித்ததும் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து என் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள். "பாதியைத்தான் சொன்னீங்க."

"மீதியைப் போன்ல சொல்ல முடியுமா? எழுதிடறேன்."

அந்த மீதிதான் இது. அவருக்காகத் தொடங்கினேன். ஊரில் இருக்கிற நீங்களும் படித்தால் தப்பில்லை. வெளிநாட்டில் கம்பெனி வைத்திருக்கிறான் என்று என்னைப் பற்றிப் பெரம்பூரில் பேசிக்கொள்கிறார்களாமே, அது எப்பேர்ப்பட்ட கம்பெனி என்று தெரிந்துகொள்ளலாம்.

2

நான் பட்டம் வாங்கியவன் இல்லை. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பட்டறையில் படங்களை நகலெடுக்கும் ட்ரேசராகச் சேர்ந்து, பெரிய டிராஃப்ட்ஸ்மேன்கள் போடுவதை எட்டி நின்று பார்த்தே குழாய்ப் படம் போடக் கற்றுக்கொண்டவன். அறுபதுகளின் கடைசியில் மான்ட்ரியாலுக்கு வந்தேன். நீராவி எந்தக் குழாயில் போகிறது, தண்ணீர் எதில் திரும்புகிறது என்று படம் போட்டுக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, சம்பளத்துக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம், ஆளாக வராதே, கம்பெனியாக வா என்றார். ஒரு மனிதன் எப்படிக் கம்பெனியாக வருவது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு சேவகம் போனால் இன்னொரு சேவகம் என்றிருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான்.

அப்போதிருந்த சட்டத்தில் ஒரு கம்பெனி பிறக்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒன்று. கோமதி இரண்டு. மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? ரொக்ஸ்பரோவில் குடியிருந்த நடராசா அண்ணையைக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாம்பாருக்காகப் பஸ் மாறி வருவார்.

"ஓம் தம்பி, கையெழுத்துத்தானே, போட்டுவிடுறன். ஆனா உம்மடை கொம்பனி முங்கினா என்ரை வீட்டையும் கொண்டு போவாங்களோ?"

"லிமிடெட் அண்ணா. உங்க பங்கு ஒரு டாலர். போனா அதுதான் போகும்."

"அப்ப சரி. பிள்ளை கோமதி, நீர் இனி டைரக்டர் அம்மா. தேத்தண்ணி நான் போடுறன்."

இப்படித்தான் மான்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாவது மாடியில், வாடகை வீட்டின் சமையலறை மேசையில் எங்கள் கம்பெனி பிறந்தது. கணக்கைப் பார்த்துக்கொள்ள முஸ்யே கஞோன் என்ற பிரெஞ்சுக்கார ஆடிட்டர் வந்து சேர்ந்தார். ஷெர்ப்ரூக் தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவருடைய ஆபீஸ். பிரெஞ்சில் யோசித்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார். நான் தமிழில் யோசித்து அவரிடம் ஆங்கிலத்தில் பேசுவேன். இரண்டு பேருக்கும் இரவல் மொழி என்பதால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

முதல் காண்ட்ராக்ட் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கிடைத்தது. மான்ட்ரியால் தீவின் மேற்கு முனை. அங்கே ஒரு பெரிய கட்டடத்துக்கு வெந்நீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் பழைய காரில் போய் வர வேண்டும். பெட்ரோல் செலவைக் கம்பெனியில் எழுதலாமா என்று கஞோனைக் கேட்டேன்.

அவர் சொன்னார்: "வீட்டிலிருந்து வேலைக்குப் போனால் அது உன் பாடு. கம்பெனி ஆபீசிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் அது கம்பெனி பாடு. உன் ஆபீஸ் எங்கே இருக்கிறது?"

"சமையலறையில்."

"நல்லது. அங்கிருந்து கிளம்பு."

எங்கள் ஊர்க்காரனிடம் சட்டம் என்று ஒன்றைச் சொன்னால் அதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு முன்வாசல் கூடத்தில் இருந்தது. சமையலறைக்குப் பின்னால் ஒரு கதவு, அதைத் திறந்தால் கொல்லைப்பக்கம் இறங்குகிற இரும்புப் படிக்கட்டு. மான்ட்ரியாலில் பாதி வீடுகள் அப்படித்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க, காலையில் கோட்டுப் போட்டு, பூட்ஸ் மாட்டி, சமையலறை மேசையில் மைல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, பின்கதவைத் திறந்து, பனி மூடிய இரும்புப் படியில் மூன்று மாடி இறங்கினேன். முன்வாசல் வழியாகப் போனால் சர்க்காரை ஏமாற்றியதாகிவிடும் என்று நினைப்பு. கோமதி தோசைக்கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "முன்னால போனா மீனா அப்பா, பின்னால போனா டைரக்டர்" என்பாள்.

தை மாதத்தில் ஒருநாள் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே கஞோன் ஆபீசுக்குப் போனேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அந்த மனிதர் சிரித்த சிரிப்பு! "அது கணக்குக்குச் சொன்னது, காலுக்குச் சொன்னதில்லை" என்றார். அன்று முதல் எனக்கு எதைச் சொன்னாலும் இரண்டு தரம் விளக்கிச் சொல்வார்.

3

சம்பளக்காரனுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் லீவு உண்டு. சொந்தக் கம்பெனிக்காரனுக்கு லீவு கிடையாது. அவன் போய்விட்டால் கம்பெனியே போய்விடுகிறது. கோமதியின் தங்கை கல்யாணம் வைகாசியில் வைத்திருந்தார்கள். நான் போக முடியாது. காண்ட்ராக்ட் கார்த்திகை வரைக்கும் இருந்தது. அவளை மட்டும் அனுப்பலாம் என்றால் டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அம்பத்தூரில் என் பழைய கூட்டாளி ஒருவர் சின்னதாகப் பட்டறையும் படம் போடும் கூடமும் வைத்திருந்தார். இங்கே நான் போடுகிற படங்களுக்கு ட்ரேசிங் எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை. அங்கே கொடுத்து வாங்கினால் என்ன? யாராவது நேரில் போய்ப் பேச வேண்டும், மாதிரிப் படங்களைக் கொடுத்து வாங்க வேண்டும். கோமதியும் டைரக்டர்தானே?

கஞோன் ஒத்துக்கொண்டார். கல்யாண வேலை சொந்தம், பட்டறை வேலை கம்பெனி. இரண்டு கவர் வைத்துக்கொள்ளட்டும், ஒன்றில் கம்பெனி ரசீது, இன்னொன்றில் சொந்த ரசீது, இரண்டையும் என்னிடம் கொண்டுவா, ஒன்று இன்னொன்றில் கலந்திருக்கிறதா என்று நானே பார்க்கிறேன் என்றார். கோமதியும் அன்று கூட வந்திருந்தாள். "எல்லாத்துக்கும் ரசீதா?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். "எல்லாத்துக்கும்" என்றார் அவர்.

கிளம்புகிற அன்று நான் என் பங்குக்கு ஒன்று கேட்டேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு பைத்தியம். ரயில்வே காலனித் தண்ணீர்க் குழாயடியில் நின்றுதான் தமிழே கற்றுக்கொண்டேன். இங்கே அதற்குப் பஞ்சம். "எனக்குச் சட்டை, வேட்டி எதுவும் வேண்டாம். ஊர்ல யார் என்ன பேசினாலும் அப்படியே எழுதிட்டு வா" என்றேன்.

"எதுல எழுதறது?"

"ரசீது பின்பக்கம் காலியாத்தானே இருக்கும்?"

ஏழு வாரம். ஒன்பது வயசு மீனாவும் நானும் தனியாக இருந்தோம். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு பிரெஞ்சு, என்னோடு மட்டும் தமிழ் என்று இருந்தவள், அம்மா போன மூன்றாம் வாரம் என்னோடும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். நானும் களைப்பில் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டிருந்தது கோமதிதான், நாங்கள் இரண்டு பேரும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தோம் என்று அப்போது தெரிந்தது. நீலக் கடிதங்கள் வந்தன. கல்யாணம் நன்றாக நடந்தது, பட்டறைக்காரர் ஒத்துக்கொண்டார், அத்தை நன்றாக இருக்கிறார்கள். அத்தை என்பது என் அம்மா. பெரம்பூரில் என் தம்பி வீட்டில் இருந்தாள்.

டோர்வல் விமான நிலையத்தில் கோமதி வெளியே வந்தபோது மீனா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு, உடனே கொஞ்சம் விலகி நின்று, என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், "அம்மாவின் வாசனை வேறு மாதிரி இருக்கிறது" என்றாள். நான் குனிந்து மோந்தேன். எனக்கு அது வேறு மாதிரி இல்லை. எனக்கு அதுதான் பழைய வாசனை.

4

கம்பெனிக் கவரைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். நடராசா அண்ணையும் இருந்தார். சாப்பாட்டு மேசையில் கோமதி அதைக் கவிழ்த்தாள். பட்டறைக்காரர் கடிதம், டிக்கெட் ரசீது, தபால் ரசீது, இவற்றோடு ஒரு குவியல் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதி, கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கட்டைவிரல் ரேகை.

"இது என்ன?"

"ரிக்‌ஷாக்காரர் எங்கேங்க ரசீது தருவாரு? நானே எழுதி, படிச்சுக் காட்டி, ஸ்டாம்ப் ஒட்டிக் கைநாட்டு வாங்கினேன். மை டப்பா பையிலேயே வெச்சிருந்தேன்."

கடன் பத்திரம் எழுதுகிற மாதிரி! ஒன்றரை ரூபாய்ச் சவாரிக்குக்கூட ஸ்டாம்ப் ஒட்டியிருந்தாள். பட்டறைச் சாமி படத்துக்குப் பூ விற்ற பூக்காரியையும் விடவில்லை. நடராசா அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளை, நீர் கப்பல் வாங்கப் போயிருந்தா அந்தக் கப்டனும் கைநாட்டு வைச்சிருப்பான்!"

சீட்டுகளைத் திருப்பினேன். சொன்ன சொல் தவறாமல் பின்பக்கம் எழுதியிருந்தாள்.

பெரம்பூர் ரிக்‌ஷாக்காரர்: "இன்னாம்மா இது, ரெண்டு ரூபாய்க்கு என் சொத்தை எழுதி வாங்கிக்கிறியா?" ஸ்டாம்ப் விற்றவர்: "தெனம் வாங்கிட்டுப் போறியே, கோர்ட்டுல கேஸ் நடக்குதா?" பூக்காரி: "அந்த ஊர்ல பூ இல்லேன்னா தலையில இன்னாத்தம்மா வெச்சிப்பீங்க, தொப்பியா?" அம்பத்தூர்க் கூட்டாளி, என் பெயரைச் சொல்லி: "சண்முகம் கோடு போட்டா அதுமேல உக்கார ஈகூட யோசிக்கும்னு சொல்லும்மா அவன்கிட்ட."

நான் உரக்கப் படித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்தேன். பிறகு அவற்றைக் கஞோனுக்காக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். முன்பக்கத்தை எழுத முடிந்தது: இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு, இன்ன காரியமாக, இவ்வளவு. பின்பக்கத்தை எழுதவில்லை. அது வருமான வரிக்குத் தேவையும் இல்லை.

"அந்தக் கவர்?" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினேன். 'சொந்தம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

கோமதி அதை எடுத்துப் பீரோவில் வைத்தாள். "அதுல என் புடவைக் கணக்கு இருக்கு. நீங்க பார்க்கக் கூடாது. ஆடிட்டர்கிட்ட நானே குடுக்கறேன்."

நடராசா அண்ணை கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

5

அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். கோமதி 'சொந்தம்' கவரைக் கஞோன் கையில் கொடுத்துவிட்டு, கீழே மருந்துக் கடையில் மீனாவுக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டாள்.

கம்பெனிச் சீட்டுகளைப் பார்த்துக் கஞோன் சந்தோஷப்பட்டார். ரேகைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷ அனுபவத்தில் இப்படிப்பட்ட ரசீதைப் பார்த்ததில்லை என்றார். பிறகு சொந்தக் கவரைப் பிரித்தார். புடவைக் கடை ரசீது இரண்டு, வளையல் கடை ரசீது ஒன்று. மற்றதெல்லாம் துண்டுச் சீட்டு. அவருக்குத் தமிழ் ஓரெழுத்து தெரியாது. சீட்டாட்டத்தில் சீட்டு அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே வந்தவர், நிறுத்தினார்.

"இங்கே பார். இந்த ஆள் ஒருவனே. கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டு, இதோ வெள்ளைக் கோடு. எல்லாவற்றிலும் அதே விரல், அதே தொகை. தேதியைப் பார், திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம்." அவர் முகம் மலர்ந்தது. "உன் மனைவி தவறான கவரில் வைத்துவிட்டாள். சொந்த வேலையாக யாரும் இவ்வளவு ஒழுங்காகப் போக மாட்டார்கள். இது கம்பெனிப் பயணம்தான். எங்கே போனாள், படி."

படித்தேன்.

'பெரம்பூர் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு, அத்தையும் நானும், போக வர. ரிக்‌ஷா ஏழுமலை.'

அடுத்ததும் அதுவே. அதற்கு அடுத்ததும். திருப்பினேன்.

'இன்னைக்குத்தான் முதல் நாள். கரண்ட் வெக்கறது வலிக்கலையாம். சண்முகத்துக்கு எழுதாதேன்னு சொன்னாங்க.'

'ஒருத்தன் முதுகைப் பார்த்துக்கிட்டே இவ்வளவு தூரம் போறது பாவமா இருக்கு கோமதி, அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு.'

'தொண்டை எரியுது. மோர்தான் இறங்குது.'

'காண்ட்ராக்டுன்னா பாதியில விட்டுட்டு வர முடியாதாமே, நெசமா?'

'இன்னைக்குப் பேசலை. கையைக் காட்டினாங்க.'

கடைசிச் சீட்டின் பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கஞோன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கம்பெனி வேலையா?" என்றார்.

"இல்லை" என்றேன். "சரியான கவரில்தான் வைத்திருக்கிறாள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

6

வீடு வந்து சேர்ந்தோம். சமையலறையில் கோமதி பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"எத்தனை நாளா?"

"மாசியில ஆரம்பிச்சுதாம். குரல் கம்மிக்கிட்டே வந்திருக்கு. ஜலதோஷம்னு நெனச்சிருக்காங்க."

"நல்லா இருக்காங்கன்னு எழுதினியே, கை கூசலையா?"

"கூசிச்சு." கத்தியைக் கீழே வைத்தாள். "சாமி படத்து மேல என் கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. அவன்கிட்ட சொல்லக் கூடாது, வேலையை விட்டுட்டு ஓடிவருவான், கார்த்திகையில காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வரட்டும்னு."

"கார்த்திகை வரைக்கும் குரல் இருக்குமா?"

"டாக்டர் ஆடியிலயே ஆபரேஷன்னு சொல்றாரு. கரண்ட் வெச்சும் கட்டி கரையலையாம். குரல்வளையை எடுத்துடுவாங்களாம்."

அம்மாவின் குரலை எடுப்பது என்றால் என்னவென்றே எனக்குப் புரியவில்லை. காலனியில் அவள் பேசினால் மூன்று வீடு தள்ளிச் சிரிப்பார்கள்.

"அப்புறம் எதுக்கு சீட்டு எழுதின? கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"வாயால சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம்" என்றாள் கோமதி. "அந்த மனுஷன் கவரைப் பிரிப்பாரு, உங்களைப் படிக்கச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? நேர்ல இருந்து உங்க மூஞ்சியைப் பார்க்க முடியாமத்தான் மருந்து வாங்கப் போனேன். மீனாவுக்கு ஏது இருமல்?"

மறுநாள் சென்ட்-ஆனில் என் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மோசமான மனிதர் இல்லை. ஆனால் சுவர் பூசுவதற்குள் குழாய் உள்ளே போக வேண்டும், காத்திருக்க முடியாது, நீ போனால் வேறு ஆளை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார். கம்பெனிக்கு இருந்ததே அந்த ஒரு காண்ட்ராக்ட்தான்.

அன்று மாலை நடராசா அண்ணையைக் கூப்பிட்டேன். மூன்று டைரக்டர்களும் அதே மேசையில் உட்கார்ந்தோம். நான் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். வாடகை, மீனா பள்ளிக்கூடம், அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாதது. அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"என்ரை அம்மா செத்த அண்டைக்கு நான் இஞ்சை சோதினைப் பேப்பர் திருத்திக்கொண்டு இருந்தனான் தம்பி. நாலு நாளையிலை குடுக்கோணும் எண்டு. அந்தப் பேப்பரிலை ஒண்டுகூட இப்ப ஞாபகம் இல்லை."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேலை பேந்தும் வரும். நீர் போம்" என்றார்.

டைரக்டர்கள் கூடினால் எழுத வேண்டிய கூட்டக் குறிப்பு நோட்டைக் கோமதி எடுக்கவே இல்லை. கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுத்தேன். கிளம்பும் முன் கஞோன் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனசு அவருக்கு. "அம்பத்தூர் பட்டறைக்கு ஒரு அரை நாள் போய்விட்டு வா. ட்ரேசிங் வேலையைப் பற்றிப் பேசு. ஒரு கடிதம் வாங்கு. உண்மையான வேலைதானே? டிக்கெட்டின் ஒரு பகுதியைக் கம்பெனியில் எழுதிவிடலாம். உனக்கு இப்போது அது உதவும்" என்றார்.

சரி என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

7

நான் போய் இறங்கிய நாளுக்கும் ஆபரேஷனுக்கும் இடையே பதினோரு நாள் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்ததும் கோமதியைத் திட்டினாள், அவள் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாள் என்பதை மறந்து. திட்டியது காற்றாகத்தான் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது, கதவிடுக்கில் நுழைகிற காற்று மாதிரி. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். ஆனால் பேசுவதை நிறுத்தவில்லை. டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார். "எப்படியும் எடுக்கத்தானே போறாங்க, மிச்சம் வெச்சு என்ன பண்றது?" என்றாள்.

ஏழாம் நாள் காலையில் அம்பத்தூருக்குப் புறப்பட்டேன். குளித்து, சலவைச் சட்டை போட்டு, படச்சுருளைக் கையில் எடுத்துக்கொண்டேன். பாசஞ்சர் ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கையைத் தட்டினாள். திரும்பினேன். கிட்டே வா என்று சைகை காட்டினாள். போய் உட்கார்ந்தேன்.

"அந்த டிரைவர் பொண்டாட்டி குடத்தை மாத்தி எடுத்துட்டுப் போனாளே, ஞாபகம் இருக்கா?"

"எந்தக் குடம்?"

"அட, உனக்குச் சொன்னதே இல்லியா!"

தொடங்கிவிட்டாள். காலனித் தண்ணீர்க் குழாயடியில் நடந்த கதை. பேர் வெட்டின பித்தளைக் குடம் ஒன்று மாறிப்போய், அதை மீட்க அம்மா போய், டிரைவர் பெண்டாட்டி அது தன் அம்மா பேர் என்று சாதித்து, கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் வரைக்கும் போன வழக்கு. அம்மா கதை சொன்னால் ஆளுக்கொரு குரலில் சொல்வாள். அன்றைக்கும் அந்தக் காற்றை வைத்துக்கொண்டே மூன்று பேராகப் பேசினாள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூக்கால், டிரைவர் பெண்டாட்டிக்கு இழுத்து, தனக்கு வெட்டி வெட்டி. மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எழுந்து அதை நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. நடுவில் இருமல் வந்தது, தண்ணீர் குடித்தாள், விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். ஒரு செருப்பு என் காலிலேயே இருந்தது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என் தம்பி உள்ளேயிருந்து வந்து, என்ன சத்தம் என்று பார்த்துவிட்டு, அவனும் உட்கார்ந்தான்.

முடியும்போது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. அப்புறம் அம்பத்தூர் போகலாம் என்று நான் நினைக்கவும் இல்லை. அடுத்த நான்கு நாளும் அந்தத் திசைக்கே போகவில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அம்மா அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டுவாளாம். தம்பி அதைப் பார்த்து எழுதிக் கடிதம் போடுவான். நல்ல கையெழுத்து அவனுக்கு.

மான்ட்ரியாலுக்குத் திரும்பி வந்தபோது சென்ட்-ஆனில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதம் வேலை இல்லை. இலையெல்லாம் உதிர்ந்து கிடந்த ஒருநாள் வருஷக் கணக்கை முடிக்கக் கஞோன் கூப்பிட்டார். டிக்கெட் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, "பட்டறைக் கடிதம்?" என்று கை நீட்டினார்.

"இல்லை. நான் போகவில்லை."

"அரை நாள்தானே சொன்னேன்? எவ்வளவு தூரம் அது?"

"ரயிலில் அரை மணி. அங்கே ஒரு மணி. திரும்பி வர அரை மணி."

"இரண்டு மணி நேரம்!" பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு என்மேல் உண்மையாகவே வருத்தம். "இரண்டு மணி நேரம் உன்னால் முடியவில்லையா? அந்த நேரத்தில் என்ன செய்தாய்?"

"அம்மா ஒரு கதை சொன்னாள்."

"என்ன கதை?"

சொன்னேன். குழாயடி, குடம், டிரைவர் பெண்டாட்டி, ஸ்டேஷன் மாஸ்டர், ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கையை ஆட்டிக்கூடச் சொன்னேன். கஞோன் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டார்.

"பிறகு?"

"அவ்வளவுதான்."

"வேடிக்கையான கதையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன். "ஆனால் அவள் சொல்லிக் கேட்க வேண்டும்."